மதினியும் தீவுக்காரியும்

மதினி செத்த அன்றைக்கு வந்த மாலைகளில் ஒன்றைக்கூட அவள் மதித்திருக்க மாட்டாள். எல்லாம் கடையில் வாங்கினது. என் அண்ணன், அதாவது அவள் புருஷன், போட்ட பெரிய ரோஜா மாலையும் சேர்த்துத்தான். கடையில் வாங்குகிற பூவைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளுகிறவள் அவள்.

மதினி ஒரு திருடி. இப்படிச் சொன்னால் அண்ணன் என்னை வைகிறான். வேறு எப்படிச் சொல்வது? செடியிலிருந்து கொப்பு கிள்ளுகிறதை ஒருத்தி ஆசைக்குச் செய்தால் ஆசை என்று சொல்லலாம். போகிற வீடு, வருகிற வீடு, கோயில், சர்ச், பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம் என்று ஒன்றுவிடாமல் செய்தால் திருட்டு என்றுதான் சொல்ல முடியும். அவளே அப்படித்தான் சொல்வாள். "ஏட்டி, இன்னைக்கி களவுக்குப் போவமா?" என்று கேட்டுக்கொண்டுதான் சேலை மாற்றுவாள்.

வேறு எதையும் தொட மாட்டாள். ஐந்தருவியில் குளிக்கும்போது ஒரு தடவை காலில் ஒரு பவுன் கம்மல் மிதிபட்டது. ஈரச் சேலையோடு நேரே போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏட்டு அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "ஒங்கள மாதிரி நாலு பேரு இருக்கப் போயிதாம்மா சாரல் அடிக்கி" என்றார். மதினி தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்தாள். வெளியே வந்து ரோடு திரும்பினதும் குடையை லேசாக விரித்துக் காட்டினாள். உள்ளே ஸ்டேஷன் வாசல் குரோட்டன்ஸ் ரெண்டு கொப்பு.

"மதினி, ஸ்டேஷன்லயா?"

"அங்கனதான் நம்ம மேல யாருக்கும் சந்தேகம் வராது."

அவளுக்கு ஆயுதம் என்று பார்த்தால் ஒரு குடை, ரெண்டு பெருவிரல் நகம், ஒரு துண்டு ஈர வாழைமட்டை. கொப்பைக் கிள்ளி மட்டையில் சுற்றிக் குடைக்குள் சொருகிவிடுவாள். கிள்ளும்போது செடியைப் பார்க்கவே கூடாதாம். வீட்டுக்காரியின் கண்ணைப் பார்த்து, "மூத்தவன் இப்பம் என்ன படிக்கான்?" என்று கேட்க வேண்டுமாம். எந்தத் தாயும் மூத்தவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையைப் பார்க்க மாட்டாள் என்பது மதினியின் கணக்கு. அது ஒரு நாளும் தப்பினதில்லை.

கேட்டு வாங்கின கொப்பு வேர் விடாது, களவாண்ட கொப்புதான் பிடிக்கும் என்று எங்கள் இலத்தூரில் நிறையப் பெண்கள் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மதினி சிரிக்காமல் சொல்வாள். பக்கத்து வீட்டு டீச்சர் ஒருநாள் பாசமாக ஒரு ரோஜாப் பதியனை நீட்டினார். மதினி பாம்பைக் கண்ட மாதிரி கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர். குடுத்தா பட்டுப்போவும்."

"நல்லா வேர் பிடிச்சதும்மா இது."

"ஒங்ககிட்ட இருக்க வரைக்கும் பிடிச்சிருக்கும் டீச்சர்."

அன்று சாயந்திரம் டீச்சர் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அதே ரோஜாவில் ஒரு கொப்பு குறைந்தது. டீச்சருக்கும் தெரியும். மறுநாள் என்னிடம், "குடுத்தா வாங்க மாட்டா, களவாங்குவா. ஒங்க அண்ணன் இந்தப் பிறவிய எங்கன போயி பிடிச்சாரு?" என்று கேட்டார். ராயகிரியில் என்று சொன்னேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இதனால்தான் கெட்டது. தென்காசியில் பையன் வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். கேசரி சாப்பிட்டு முடித்து, நாள் குறிக்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. கிளம்பும்போது வாசலில் பையனின் அம்மாவிடம் மதினி மூத்தவனைப் பற்றி விசாரித்தாள். அந்த வீட்டில் மூத்தவன்தான் மாப்பிள்ளை. அதனால் அந்த அம்மாள் மதினியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, வெட்கப்பட்டுக் கீழே பார்த்துப் பேசினாள். கீழே மதினியின் கை இட்லிப்பூச் செடியில் இருந்தது.

மறுநாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் குதித்தான். மதினி அசையவே இல்லை. "ஒரு கொப்புக்கு மூஞ்சியத் தூக்குத வீட்டுல இவ போயி என்னத்தத் திங்கப் போறா? தப்பிச்சான்னு நெனச்சுக்கோங்க." அந்த இட்லிப்பூ எங்கள் மொட்டைமாடியில் இடுப்பு உயரம் வளர்ந்தது. அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மாடியிலிருந்து கத்துவாள், "ஏட்டி, ஒம் மாப்பிளைக்கித் தண்ணி ஊத்துனியா?" தெருவே திரும்பிப் பார்க்கும்.

நான் ஐந்தருவி ரோட்டில் ஒரு சிப்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சீசனில் மதியம் எனக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் மதினி அந்தப் பக்கம் வருவாள். எங்கள் கடைக்கு எதிரே ஒரு தங்கும் விடுதி. அதன் உள்வாசலில் வரிசையாக ஒரு செடி வைத்திருந்தார்கள். முழங்கால் உயரம்தான். மல்லி இலையை இன்னும் கொஞ்சம் கிழித்துவிட்ட மாதிரி இலை. வெள்ளை வெளேர் என்று இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. சாரலில் அத்தனையும் ஒரே பக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மதினி சோற்று வாளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். அன்றைக்கு நான் சாப்பிட்டபோது மூன்று மணி.

அங்கே தோட்ட வேலை பார்க்கிறவர் புளியரைக்காரர். அம்பது வயசு இருக்கும். பேச்சில் பாதி மலையாளம் ஓடும். மதினி அவரிடம் நேரே போய், "அண்ணாச்சி, இது சேவந்தியா?" என்று கேட்டாள்.

"சேவந்திக்குச் சொந்தக்காரி. டெய்சின்னு பேரு. நம்ம நாட்டுச் செடி இல்ல கேட்டோ. எங்கியோ நடுக்கடல்ல, எரிமலை கக்குன தீவுல கிடந்தது. அங்க மட்டும்தான் மொளைச்சுக் கிடந்ததாம். அடியப் பாரு, மரம் மாதிரி கட்டை. மேல பாரு, கீரத்தண்டு. செடியும் இல்ல, மரமும் இல்ல."

"அப்பம் அங்க இருந்து இங்கன வரைக்கும் எவனோ களவாண்டுதான கொண்டாந்திருப்பான்?"

அவர் கையிலிருந்த பைப்பைக் கீழே போட்டார். "அப்படிப் பாத்தா அப்படித்தான்."

"ம்" என்றாள் மதினி. அவளுக்கு அது போதும். அன்றையிலிருந்து அந்தச் செடிக்குத் தீவுக்காரி என்று பேர்.

அன்றைக்கே ஒரு கொப்பு வந்தது. அஞ்சாம் நாள் கருகியது. அடுத்த வாரம் ஒன்று. அதுவும் கருகியது. ரெண்டு சீசனில் ஏழு தடவை எடுத்தாள். மணலில் வைத்தாள், தேங்காய் நாரில் வைத்தாள், கண்ணாடிக் கிளாசைக் கவிழ்த்து மூடி வைத்தாள். கற்றாழையைத் தடவிக்கூட வைத்தாள். ஒன்றும் வேர் விடவில்லை. வேறு எந்தச் செடியும் அவளிடம் இப்படிப் பண்ணினதில்லை. எங்கள் மாடியில் கால் வைக்க இடம் கிடையாது, எல்லாம் அவள் கைபட்டுப் பிழைத்தவை. இந்த ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். மதினிக்கு வேறு பேச்சே இல்லாமல் ஆகிவிட்டது. அண்ணன் வேன் ஓட்டிவிட்டு ராத்திரி வந்தால், "சோறு போடுட்டி" என்பான். அவள், "அவ பட்டுப்போயிட்டா" என்பாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று அவன் பதறுவான்.

எதனால் பட்டுப்போகிறது என்று ஒரு தடவை தோட்டக்காரர் என்னிடம் சொன்னார். கடைக்குச் சிப்ஸ் வாங்க வந்தவர், "ஒன் மதினி பூத்த கொப்பாப் பாத்து ஒடிக்கா. பூத்த கொப்பு வேரு விடாது. அவளுக்குப் பூவக் கண்டா கண்ணு தெரியாது" என்றார்.

"அப்பம் அவ எடுக்கது ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"எனக்குக் கண்ணு இல்லியா மோளே? நானே வேரு பிடிக்க வச்சுத் தாரேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டா. குடுத்தா பட்டுப்போவுமாம்."

நான் மதினியிடம் போய், பூத்த கொப்பை எடுக்காதே என்று சொன்னேன். "ஒனக்கு ஆரு சொன்னா?" என்றாள். தோட்டக்காரர் என்றேன். "அவன் சொல்லி எடுத்தா அது குடுத்ததுக்குச் சமம்" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வருசம் மதினிக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அறுத்த எட்டாம் நாள் நர்ஸ் என்னைப் பார்த்துக் கத்துகிறாள், பேஷண்ட் எங்கே என்று. தேடிப்போனால், கையில் டிரிப்ஸ் ஏற்றுகிற ஊசியோடு ஆஸ்பத்திரி முற்றத்தில் செம்பருத்திப் பக்கத்தில் நிற்கிறாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கிள்ளுகிறாள்.

"மதினி! தையல் பிரிஞ்சிரும்!"

"எங்கிட்ட இருந்து ஒரு பைய எடுத்தாவள்லா? நான் ஒரு கொப்பு எடுத்தா கொறஞ்சா போயிருவாவ?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. நான் ரெண்டும் செய்தேன்.

மறுபடியும் கட்டி வந்துவிட்டது என்று ஆனி மாதம் டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் வேனுக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டு என்னிடம் சொன்னான். மதினியிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வெயிலில் காய்ந்த சேலை மாதிரி ஆகிவிட்டாள். கேட்டதெல்லாம் ஒன்றுதான். "இந்தச் சீசன்லயாவது அவ பிடிப்பாளாட்டி?"

அன்றைக்கே நான் தோட்டக்காரரிடம் போனேன். யோசனை என்னுடையதுதான். அவர் பூக்காத கொப்பாகப் பார்த்து மண் போட்ட ஒரு கருப்புக் கவரில் வைத்து வேர் பிடிக்க வைக்க வேண்டும். விடுதி கேட்டுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டும். மதினி வந்து திருடிக்கொண்டு போவாள். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி அந்த நேரத்தில் போன் பார்க்க வேண்டும். அது அவர் எப்போதும் செய்கிறதுதான்.

"இது அவளுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுருவா கேட்டோ" என்றார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

ஆடி மாதம், சாரல் நன்றாக இருந்த ஒரு நாள், ஆட்டோவில் கூட்டிப்போனேன். நான் ஆட்டோவிலேயே இருந்துகொண்டேன். மதினி குடையை ஊன்றி ஊன்றிக் கேட்டுக்குள் போனாள். போனவள் வரவே இல்லை. கேட்டுப் பக்கத்தில் இருக்கிற கவரை எடுக்க இவ்வளவு நேரமா, விழுந்து கிழுந்துவிட்டாளா என்று நான் இறங்கப் போனபோது வந்தாள். முழங்கால் ரெண்டிலும் சகதி. மூச்சு வாங்கியது. ஈரத் துண்டைப் பிரித்துக் காட்டினாள். வேரோடு ஒரு கொப்பு.

"கவர் எங்க?" என்று வாய்வரை வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டேன். கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

அது பிடித்தது. மாடியில் பச்சை வலைக்குக் கீழே மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தாள். பத்து நாளில் புது இலை. மதினி தெருவையே மாடிக்கு ஏற்றிவிட்டாள். பேச ஆள் கிடைத்தால் போதும், களவைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். "கேமரா என்ன, செக்யூரிட்டி என்ன, எல்லாம் இருந்து என்னத்துக்கு? என்னைப் பிடிக்க முடிஞ்சுதா?" டீச்சரிடம் மட்டும் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை கேமரா ஆறாகிவிட்டது.

அவள் சொல்லும்போதெல்லாம் நான் துணி எடுக்கிறேன், அடுப்பைப் பார்க்கிறேன் என்று கீழே போய்விடுவேன். அவளுடைய கடைசிக் களவு களவே இல்லை. நான் ஏற்பாடு பண்ணினது. சின்னப் பிள்ளைக்கு விளையாட்டில் விட்டுக்கொடுக்கிற மாதிரி அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அந்தச் செடியைத்தான் போய்ப் பார்ப்பேன். குடுத்தது பிடிக்காது என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. அவள் கண் முன்னால் அது பட்டுப்போனால் நான் என்ன பதில் சொல்வேன்?

மார்கழியில் பூத்தது. அதற்குள் மதினி படியேற முடியாத நிலைக்கு வந்துவிட்டாள். அண்ணன் தூக்கிக்கொண்டு போய் மாடியில் நாற்காலியில் உட்காரவைத்தான். அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அன்னைக்கி நீ ஆட்டோவ விட்டு எட்டிப் பாத்தியா?"

"இல்ல மதினி."

"பாத்திருக்கணும் நீ."

சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை. தை மாதம் பாதியில் அவள் போய்விட்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டக்காரர் மதினி செத்ததற்குத் துட்டி கேட்க வந்தார். ஊரில் இல்லையாம், அதனால் தாமதமாகிவிட்டதாம். அண்ணனிடம் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, செடியைப் பார்க்கலாமா என்று கேட்டார். மாடிக்குக் கூட்டிப்போனேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செடியின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"நான் ஒரு விசயம் சொல்லணும் மோளே. அந்தக் கவரு அங்கயேதான் இருந்தது."

"எந்தக் கவரு?"

"நீ சொல்லி நான் வச்சது. அவ அத எடுக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னார். அவர் பம்பு ரூம் பின்னால் ஒளிந்து நின்றாராம். மதினி உள்ளே வந்ததும் கவரைப் பார்த்தாளாம். குனிந்து ஒரு தடவை தொட்டும் பார்த்தாளாம். பிறகு நிமிர்ந்து, யாரும் இல்லாத வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாளாம், "எவம்ல இது, காக்காய்க்குச் சோறு வச்ச மாதிரி வச்சிருக்கான்? நான் இன்னும் சாவலல்லா?"

அவரால் சிரிக்கவும் முடியவில்லையாம், வெளியே வரவும் முடியவில்லையாம். மதினி குடையை ஊன்றிக்கொண்டு நேரே மேனேஜர் ரூம் ஜன்னலுக்குக் கீழே போனாளாம். அந்த வரிசையில் ஒரு செடியில் அடிக்கொப்பு ஒன்று சாய்ந்து மண்ணில் படுத்து, தானாகவே வேர் விட்டிருந்ததாம்.

"பூக்காத கொப்பு. அங்க தினமும் தண்ணி பிடிக்க எனக்கே அது தெரியாது. அவ முழங்கால் போட்டு உக்காந்து, குடை நுனியால தோண்டி, நகத்தால தாய்ச்செடியில இருந்து அறுத்து எடுத்தா. மேனேஜரு உள்ள இருந்து பாத்துட்டு ஜன்னலத் தொறந்தாரு."

"ஐயோ. பொறவு?"

"'சார், மூத்தவன் இப்பம் என்ன படிக்கான்?'னு கேட்டா. அவரு பதில் சொல்லிட்டு இருந்தாரு. இவ எடுத்துட்டுப் போயிட்டா."

நான் சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன். கீழேயிருந்து அண்ணன், "என்னட்டி? என்ன அங்கன?" என்று கத்தினான். அவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், ஏனென்றால் நடுவில் எங்கேயோ அது அழுகையாக மாறிவிட்டது.

அடங்கினபிறகு அவர் மெதுவாகச் சொன்னார். விடுதியில் இப்போது அந்தச் செடி ஒன்றுகூட இல்லையாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டார்களாம். "நான் தெனம் பைப்பு பிடிச்சு பிளாஸ்டிக்கக் கழுவுதேன் மோளே. முப்பது வருச சர்வீசு." பிறகு செடியைக் காட்டினார். "இதும் அடி கட்டையாச்சு. கூடிப்போனா இன்னும் ஒரு வருசம், ரெண்டு வருசம். கொப்பு எடுத்து வேற வச்சாதான் மேல ஓடும். நீ எடுத்து வச்சியா?"

வைக்கவில்லை. எடுக்கலாம் என்று நாலைந்து தடவை கையைக் கொண்டுபோயிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுச் செடியை நானே எப்படித் திருடுவது?

"எனக்கு ஒரு கொப்பு தாயேன்" என்றார்.

"தர முடியாது அண்ணாச்சி."

அவர் முகம் சின்னதாகிவிட்டது. "செரி" என்றார்.

"நான் கீழ போயி காப்பி போட்டுட்டு வாரேன். பத்து நிமிசம் ஆவும். அண்ணனும் மேல வர மாட்டான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பத்து நிமிசம் இல்லை, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். காப்பியோடு மேலே வந்து முதலில் செடியைத்தான் பார்த்தேன். ஒரு கொப்பும் குறையவில்லை. மனுசன் ரெண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, நீங்க ஒண்ணும்..."

"நீ முடியாதுன்னு சொன்னல்லா மோளே. நான் தொடவே இல்ல."

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மதினியாக இருந்தால் அந்த இடத்திலேயே அவரைக் கிழித்திருப்பாள். எனக்கு அவ்வளவு வாய் கிடையாது.

"சீனி போட மறந்துட்டேன். இந்தா வாரேன்" என்றேன்.

"எனக்குச் சீனி வேண்டாம்."

"வேணும் அண்ணாச்சி."

நான் சொன்ன விதத்தில் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செடியைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிக் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். காப்பியில் சீனி சரியாகத்தான் இருந்தது. ரெண்டு வாய் குடித்தேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. இன்னும் ரெண்டு வாய் குடித்தேன். டம்ளர் பாதி காலியானபோது நாற்காலி நகர்ந்தது.